பரங்கிப்பேட்டைக்கு எவ்வளவு தூரம்?

சென்னை மீனம்பாக்கத்திலிருந்து சிங்கப்பூருக்கு ஆகாய மார்க்கமாகச் சுமார் 2,900 கிலோமீட்டர் தூரமென்றும், பிரயாண காலம் நாலேகால் மணி நேரமென்றும் விமானக் கம்பெனிகளின் அட்டவணைகள் கூறுகின்றன. மேற்கே துபாய்க்கும் ஏறக்குறைய இதே தூரம், இதே காலம். இக்கணக்கில் பிழை யாதொன்றும் இல்லை. ஆனால் மீனம்பாக்கத்திலேயே வீடும், சிங்கப்பூர் விமான நிலையத்தின் வாயிலிலேயே கடையும் உடையவன் ஒருவன் உளனாயின், அவன் ஒருவனுக்குத்தான் இக்கணக்கு முற்றும் பொருந்தும். ஏனையோருக்குத் தூரம் என்பது வீட்டு வாயிற்படியில் தொடங்கி, போய்ச் சேரும் இடத்தின் வாயிற்படியில் முடிவது. அவ்வாறு அளந்து பார்த்தால் தமிழ்நாட்டுக் கடற்கரை ஊர்கள் பலவற்றின் நிலைமை வெளிப்படும். கடலூர் ஜில்லாவைச் சேர்ந்த பரங்கிப்பேட்டையை இன்று உதாரணமாக எடுத்துக் கொள்கிறோம்.

வெள்ளாறு கடலோடு கலக்குமிடத்தில் அமைந்த இவ்வூர் தூரதேசப் பிரயாணத்துக்குப் புதியதன்று. போர்த்துகேசியர் இதற்குப் புதுத்துறைமுகம் எனத் தம் மொழியில் பெயரிட்டனர். முஸ்லிம்கள் மகமூது பந்தர் என்றனர். டச்சுக்காரரும் டேனியரும் ஆங்கிலேயரும் ஒருவர்பின் ஒருவராக இங்கே பண்டகசாலை வைத்தனர். ஹைதர் அலியின் சேனையும் ஆங்கிலேயரின் சேனையும் 1781 ஜூலை 1ஆம் தேதி இவ்வூரையடுத்த மணலில் பொருதன. 1830ஆம் ஆண்டையொட்டி ஹீத் என்ற ஆங்கிலேயர் இங்கே இரும்பு உருக்கும் ஆலை நிறுவி, இங்கு உருக்கிய இரும்பை இங்கிலாந்துக்கு அனுப்பினார். அந்நியர் இத்தனை பேரும் இவ்வூரை நாடி வந்த காரணம் ஒன்றே. ஆற்றின் முகத்துவாரத்தில் நங்கூரம் பாய்ச்சிய கலத்துக்கு அச்சையும் மலாக்காவும் பினாங்கும் நேர்வழியாயிருந்தன. இவ்வூர் மரக்காயர்கள் வாடையும் கச்சானும் மாறி வீசும் காலங்களை அறிந்து பாய் விரித்தவர்கள். அவர்களுக்குச் சென்னைப்பட்டணம் வழியிலிருந்த ஊரன்று.

இப்போதும் பூமியின் அமைப்பு மாறிவிடவில்லை. தேசப்படத்தில் நூல் பிடித்து அளந்தால் சென்னையிலிருந்து சிங்கப்பூர் எவ்வளவு தூரமோ, ஏறக்குறைய அவ்வளவு தூரமே பரங்கிப்பேட்டையிலிருந்தும். உண்மையில் பரங்கிப்பேட்டையிலிருந்து சற்றுக் குறைவு என்றுகூடச் சொல்லலாம். ஆயினும் இவ்வூரான் சிங்கப்பூருக்குப் போக வேண்டுமாயின் முதலில் வடக்கே போகிறான். பிறகு தென்கிழக்கே பறக்கிறான். போவதும் அரை நாள் போகிறான்.

கணக்கை விவரமாகப் பார்ப்போம். பரங்கிப்பேட்டையிலிருந்து மீனம்பாக்கத்துக்குச் சாலை வழியே இருநூறு கிலோமீட்டருக்கு மேல். கடலூரையும் புதுச்சேரியையும் தாண்டி, வழியில் சுங்கச் சாவடிகளுக்குக் காணிக்கை செலுத்தி, போக்குவரத்து நெரிசலையும் கடந்து போக ஐந்து மணி நேரம் எனக் கொள்வது மிகையாகாது. அந்நிய தேச விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்னதாக வரும்படி கம்பெனியார் கூறுகின்றனர். வராதவனை விட்டுவிட்டுப் போகவும் செய்கின்றனர். ஆகவே விமானம் தரையை விட்டு எழும்போது இவன் வீட்டை விட்டு எட்டு மணி நேரம் ஆகியிருக்கிறது. ஆகாயத்தில் நாலேகால் மணி. இறங்கியபின் குடிநுழைவுச் சோதனை, மூட்டை முடிச்சு ஆகியவற்றுக்கு ஒரு மணி. ஆகமொத்தம் பதின்மூன்று மணிக்கு மேல். இதில் விமானம் உண்மையில் இவனைத் தூக்கிச் சென்றது மூன்றில் ஒரு பங்கு காலமே.

ஆகாய மார்க்கத்தின் தூரமும் காலமும் எவ்வாறு கணக்கிடப்படுகின்றன என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறோம். பூமி உருண்டையாதலால், தட்டையான படத்தில் நேராகத் தோன்றும் கோடு எப்போதும் மிகக் குறுகிய வழியாகாது. உருண்டையின் மேல் இரண்டு இடங்களை இணைக்கும் பெருவட்டத்தின் துண்டே குறுக்குவழி. அட்டவணையில் காணும் தூரம் அதுவே. பெரிய விமானங்கள் மணிக்கு 800 முதல் 900 கிலோமீட்டர் வரை பறப்பவை. அந்த வேகத்தில் 2,900 கிலோமீட்டரை மூன்றரை மணிக்குள் கடந்துவிடலாமே என வாசகர்கள் கேட்கலாம். நிலையத்தில் கதவடைத்தது முதல் மறு நிலையத்தில் கதவு திறக்கும் வரையில் உள்ள காலமே பிரயாண காலம் எனக் குறிக்கப்படுகிறது. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவதும், வரிசையில் காத்திருப்பதும், மேலே ஏறுவதும், இறங்க அனுமதி கிடைக்கும்வரை வட்டமிடுவதும் அதனுள் அடக்கம். காற்றும் தன் பங்கைக் கேட்கிறது. மாரிக் காலத்தில் வட இந்தியா, அராபியா ஆகிய பிரதேசங்களின் உயர்வானில் மேற்கிலிருந்து கிழக்காகப் பெருங்காற்று ஓடுகிறது. அதனால் துபாய்க்குப் போவதைவிடத் திரும்பி வருவது விரைவு. கோடைக்குப் பிந்திய பருவமழைக் காலத்தில் தென்னிந்தியாவின் மேல் மிக உயரத்தில் கிழக்கிலிருந்து மேற்காக ஓடும் காற்றாறு ஒன்றுண்டு. அதை ஆராய்ந்து 1958இல் உலகுக்கு எடுத்துரைத்தவர் நம் தேசத்து வானிலை அறிஞர் பி. கோடீஸ்வரம் என்பதை நம் இளைஞர்கள் அறிந்திருத்தல் வேண்டும். முன்னாளில் பாய்மரக்காரன் கணக்கிட்ட காற்றையே இன்றைய விமானியும் கணக்கிடுகிறான், உயரந்தான் வேறு.

நிற்க. ஆகாயத்தில் கால் மணி, அரை மணி மிச்சப்படுத்துவதற்காக உலகத்து வித்துவான்கள் இவ்வளவு சிரத்தை எடுத்துக்கொள்ளும்போது, தரையில் எட்டு மணி நேரம் வீணாவதைப் பற்றி ஏன் ஒருவரும் கவலைப்படவில்லை? பட்டணத்து வாசிகளுக்கு அந்த எட்டு மணி இல்லை என்பதே இதற்கு விடை. அட்டவணை எழுதுபவரும் திட்டம் வகுப்பவரும் பத்திரிகை நடத்துபவரும் பெரும்பாலும் பட்டணத்திலேயே வசிக்கின்றனர்.

இது வெறும் அசௌகரியத்தைப் பற்றிய பேச்சு என எவரும் எண்ண வேண்டாம். பரங்கிப்பேட்டையிலும், சிதம்பரம், கடலூர் பக்கத்து ஊர்கள் பலவற்றிலும், குடும்பத்தில் ஒருவராவது வளைகுடா நாடுகளிலோ மலேயா, சிங்கப்பூரிலோ பிழைக்கும் வீடுகள் அநேகம். அவர்கள் உல்லாசப் பிரயாணிகளல்லர். முதலாளி கொடுக்கும் விடுமுறை நாட்கள் எண்ணிக் கொடுக்கப்பட்டவை. அதில் போகவும் வரவும் ஒவ்வொரு நாள் தரையிலே கழிகிறது. அதைப் பொறுத்துக்கொள்வார்கள், அவர்கள் பொறுக்காத துன்பமில்லை. பொறுக்க முடியாத நாள் ஒன்றுண்டு. ஊரிலே தகப்பனாரோ தாயாரோ காலஞ்சென்ற செய்தி வரும் நாள் அது.

இறந்தாரைத் தாமதியாமல் அடக்கம் செய்வது இஸ்லாமிய முறை. விடியற்காலைத் தொழுகை முடிந்ததும் செய்தி துபாய்க்குப் போகிறது என்று கொள்வோம். மகன் முதலாளியிடம் அனுமதி கேட்டு, பிரயாணச் சீட்டு வாங்கி, கிடைத்த விமானத்தில் ஏறுகிறான். ராத்திரி புறப்படும் விமானம் மறுநாள் விடியுமுன் அவனை மீனம்பாக்கத்தில் இறக்கிவிடுகிறது. கடலைத் தாண்டி மூவாயிரம் கிலோமீட்டரை நாலு மணியில் கடந்தவன், எஞ்சிய இருநூறு கிலோமீட்டரைக் கடக்கச் சூரியோதயம் முதல் உச்சிப்பொழுது வரையில் வண்டியிலே உட்கார்ந்திருக்கிறான். வீட்டிலே பெரியவர்கள் கூடி, மகன் முகம் பார்க்க வைத்திருப்பதா, மார்க்க முறைப்படி எடுத்துவிடுவதா என்று ஆலோசிக்கிறார்கள். சித்திரை வைகாசி வெயிலில் அந்த ஆலோசனை நெடுநேரம் நடக்க முடியாது. கபரின் மேல் மண் காயாதிருக்கும்போது வந்து நின்ற பிள்ளைகள் இக்கடற்கரையில் எத்தனை பேர்! ஹிந்துக் குடும்பங்களிலும் கொள்ளி வைக்க வேண்டிய மூத்த மகன் வரும் வழி பார்த்து இதே துயரம் நிகழ்கிறது. நாலேகால் மணி என்று அட்டவணை எழுதியவருக்கு இந்த உச்சிப்பொழுதின் கணக்குத் தெரியாது.

திருச்சிராப்பள்ளி விமான நிலையம் இருக்கிறதே என்பார்கள். உண்மை. நேர்க்கோட்டில் அது சுமார் 140 கிலோமீட்டர், மீனம்பாக்கமோ 170. சாலையில் மூன்றரை, நான்கு மணி நேரத்தில் போய்விடலாம். கூட்டமும் குறைவு. 2024 ஜனவரியில் பிரதம மந்திரி அங்கே அழகிய புதுக் கட்டடத்தைத் திறந்துவைத்தார். கட்டடம் பெரிதாயிற்று, அதற்கேற்ப விமானங்கள் பெருகினவா என்பதே கேள்வி. ஒரு தேசத்து விமானம் மற்றொரு தேசத்தில் எந்த நகரங்களில் இறங்கலாம், வாரத்துக்கு எத்தனை ஆசனங்களை ஓட்டலாம் என்பதெல்லாம் இரு சர்க்கார்களும் செய்துகொள்ளும் ஒப்பந்தத்தினால் கட்டுப்பட்டவை. துபாய் சர்க்காரின் பெரிய விமானக் கம்பெனி டில்லிக்கும் பம்பாய்க்கும் சென்னைக்கும் கொச்சிக்கும் வருகிறது, திருச்சிக்கு வருவதில்லை. நம் தேசத்துக் கம்பெனிகளின் லாபத்தைக் காப்பதற்காக ஒப்பந்தத்தை இறுக்கிப் பிடிக்கிறோம் என்று டில்லி அதிகாரிகள் கூறுவர். சுதேசித் தொழிலைக் காப்பதில் நமக்கு மாறுபட்ட கருத்தில்லை. ஆனால் காக்கப்படும் சுதேசிக் கம்பெனி, காவிரிக் கரையிலும் வெள்ளாற்றங்கரையிலும் உள்ள சுதேசி ஜனங்களுக்குப் போதிய விமானங்களைத் தானே ஓட்ட வேண்டும். அன்றேல் பிறரை ஓட்டவிட வேண்டும். இரண்டும் இல்லையென்றால் காக்கப்படுவது யாருடைய நன்மை?

இவ்விடத்தில் சிதம்பரம் பிள்ளையவர்களை நினைவுகூர்தல் பொருந்தும். 1906இல் அவர் சுதேசி நாவாய்ச் சங்கத்தைத் தோற்றுவித்துத் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே கப்பல் விட்டார். வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்துக் குறைத்து அச்சங்கத்தை நசுக்க முயன்றது. சர்க்கார் 1908இல் பிள்ளையவர்களைச் சிறையிலிட்டுச் செக்கிழுக்க வைத்தது. தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் உள்ள தூரம் எவ்வளவு என்பதில் அன்று வழக்கில்லை. அந்தத் தூரத்தை ஜனங்கள் எவர் தயவில் கடப்பது என்பதே வழக்கு. ஆகாயத்திலும் வழக்கு அதுவே. 1932 அக்டோபரில் ஜே. ஆர். டி. டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் விமானம் ஓட்டி வந்தார். அந்தத் தபால் சென்னை வரையில் வந்து சேர்ந்தது. பின்னர் 1953இல் விமானத் தொழில் தேசத்துக்கு உடைமையாயிற்று. 2022 ஜனவரியில் ஏர் இந்தியா மீண்டும் டாட்டா கம்பெனியாரிடமே போய்ச் சேர்ந்தது. இவ்வளவு மாற்றங்களிலும் சிறிய ஊர்களுக்கும் விமான நிலையங்களுக்கும் இடையிலுள்ள தூரத்தை எவரும் தம் பொறுப்பாக ஏற்றுக்கொண்டதில்லை.

கப்பல் காலத்தில் நிலைமை இவ்வளவு கோணலாக இல்லை. பரங்கிப்பேட்டைத் துறை மங்கிய பின்னும், கிழக்கே போகிறவன் சுமார் 80 கிலோமீட்டர் தெற்கே நாகப்பட்டினம் போய் ‘ரஜூலா’ கப்பலில் ஏறினான். 1926இல் கட்டப்பெற்ற அக்கப்பல் சென்னையிலும் நாகையிலும் ஆட்களை ஏற்றிக்கொண்டு பினாங்கு வழியாகச் சிங்கப்பூர் போயிற்று. பிரயாணம் ஏறக்குறைய ஒரு வாரம். மேல்தட்டில் பாய் விரித்துப் படுத்துப் போன ஏழைகள் ஆயிரக்கணக்கானவர். 1970களின் தொடக்கத்தில் அது ஓய்ந்தபின், இந்தியக் கப்பல் கார்ப்பொரேஷனார் நம் தில்லையம்பதியின் பெயரையே தாங்கிய ‘சிதம்பரம்’ கப்பலை விட்டனர். அதுவும் 1980களின் நடுவில் தீப்பற்றி உயிர்களைப் பலிகொண்டு, அத்தோடு முடிந்தது. அதன்பின் சிங்கப்பூர் வழி முழுதும் ஆகாயத்துக்குப் போயிற்று. ஒரு வாரம் நாலேகால் மணியானது மகத்தான முன்னேற்றமே. அதை இகழ நமக்கு எண்ணமில்லை. ஆனால் ஒரு வாரப் பிரயாணத்தில் கரைவழி அரை நாளானால் ஒருவரும் பொருட்படுத்தார். நாலு மணிப் பிரயாணத்துக்குக் கரைவழி எட்டு மணியென்றால் விமானத்தின் பயனில் பெரும்பகுதி கரையிலேயே கரைந்துவிடுகிறது.

இக்கோணலின் உச்சம் காண விரும்புவோர் யாழ்ப்பாணத்துக்குப் போக முயன்று பார்க்கட்டும். பலாலி விமான நிலையம் 2019 அக்டோபரில் சர்வதேச நிலையமாகத் திறக்கப்பட்டது; சென்னையிலிருந்து அங்கே விமானம் விடப்பட்டு, தொற்றுநோய்க் காலத்தில் நின்று, 2022 டிசம்பரில் மீண்டும் தொடங்கியது. பரங்கிப்பேட்டையிலிருந்து நேர்க்கோட்டில் பலாலி சுமார் 190 கிலோமீட்டர். மீனம்பாக்கம் 170 என்று முன்னரே கூறினோம். அதாவது யாழ்ப்பாணமும் சென்னையும் இவ்வூருக்கு ஏறக்குறைய ஒரே தூரம்; ஒன்று தெற்கே, மற்றது வடக்கே. யாழ்ப்பாணத்தில் உறவினரைப் பார்க்கப் புறப்பட்டவன் வடக்கே 200 கிலோமீட்டர் சாலையில் போய், மூன்று மணி காத்திருந்து, தெற்கே 350 கிலோமீட்டர் பறக்கிறான். அந்த விமானம் நேர்வழியாகப் போகுமாயின், கிளம்பிய அரை மணிக்குள், பரங்கிப்பேட்டைக்குக் கிழக்கே சுமார் நாற்பது கிலோமீட்டரில் கடலின் மேல் பறந்து செல்லும். வானம் தெளிவாயிருந்தால் ஜன்னலோரத்தில் அமர்ந்தவன் விடியற்காலையில் தான் புறப்பட்ட ஊரின் கரையை மறுபடியும் பார்க்கலாம்!

1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் நீராவிக் கப்பல் இணைப்பு ஏற்பட்டது. அதன்பின் சென்னையில் வாங்கிய ஒரே ரயில் சீட்டில் கொழும்புக்குப் போக முடிந்தது. 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தது. அதோடு தனுஷ்கோடி வழியிலான அவ்விணைப்பும் அழிந்தது. நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபரில் தொடங்கிய கப்பல் சில நாட்களிலேயே நின்று, 2024 ஆகஸ்டில் ‘சிவகங்கை’ என்ற கப்பலால் மீண்டும் ஓடத் தொடங்கியது. கடல்வழி சுமார் 110 கிலோமீட்டரே. மழைக்காலத்தில் நிற்பதும் பிறகு ஓடுவதுமாய் இருக்கிறதேயாயினும், எமது கருத்தில், கடலூர் ஜில்லாவாசிக்கு யாழ்ப்பாணத்துக்கு உகந்த வழி விமானமன்று, அக்கப்பலே.

இனி, விமான நிலையத்தை அருகே கொண்டுவரும் யோசனைகளைப் பார்ப்போம். நெய்வேலியில் நிலக்கரிக் கார்ப்பொரேஷனுக்குச் சொந்தமான ஓடுபாதை ஒன்றுண்டு. பரங்கிப்பேட்டையிலிருந்து நேர்க்கோட்டில் அது முப்பது கிலோமீட்டர்கூட இல்லை. சாதாரண ஜனங்களும் ஆகாயத்தில் பறக்க வேண்டுமென்று இந்திய சர்க்கார் ‘உடான்’ என்ற திட்டம் வகுத்து, ஒரு மணிப் பிரயாணத்துக்கு 2,500 ரூபாய் என்று கட்டணமும் அறிவித்தது. 2017 மார்ச்சில் வெளியிட்ட முதற் பட்டியலிலேயே நெய்வேலியின் பெயர் இருந்தது. கடலூர் ஜில்லாவெங்கும் ஆனந்தம் பொங்கிற்று. பின்னர் என்ன நடந்தது? ஓடுபாதை செப்பனிடப்படுகிறது என்றார்கள். லைசென்ஸ் வர வேண்டும் என்றார்கள். அதிகாரிகள் வந்து பார்த்துப் போனார்கள். 2024 முடியும்போதும் அங்கிருந்து ஒரு பிரயாணி விமானமும் கிளம்பவில்லை. அதே திட்டத்தில் சேர்ந்த சேலத்துக்கு 2018 மார்ச்சில் விமானம் வந்தது. இடையில் நின்று 2023 அக்டோபரில் மீண்டும் வந்தது. நெய்வேலிக்கு அந்தப் பாக்கியமும் இல்லை.

ஆனால் நெய்வேலியைப் பற்றி நம் நண்பர்கள் சிலர் கொண்டுள்ள நம்பிக்கையிலும் நாம் முழுதும் பங்குகொள்ள இயலவில்லை. அக்குறுகிய ஓடுபாதையில் இறங்கக் கூடியவை சிறு விமானங்களே. இருபது பேர் ஏறும் விமானம் நெய்வேலியிலிருந்து சென்னைக்கு நாற்பது நிமிஷத்தில் போகும் என்றே வைத்துக்கொள்வோம். மூன்று வருஷம் உழைத்து ஊர் திரும்புகிறவன் கையில் முப்பது கிலோவுக்குக் குறையாத மூட்டை இருக்கும். அதைச் சிறு விமானம் ஏற்காது. சென்னையில் ஒரு விமானத்திலிருந்து மற்றொன்றுக்கு மாறும் காத்திருப்பு வேறு. கூட்டிப் பார்த்தால் மிச்சமாவது இரண்டு மணி நேரம் இருந்தால் அதிகம். வைத்தியத்துக்கும் வியாபாரத்துக்கும் அவசரமாய்ப் போகிறவர்களுக்கு நெய்வேலி உதவும். அதற்காக லைசென்ஸைக் கொடுத்துத் தொலைக்கட்டும். வளைகுடாவில் உழைப்பவனின் கஷ்டத்துக்கு அது மருந்தாகாது.

புதுச்சேரியின் கதையும் ஏறக்குறைய இதுவே. அங்குள்ள ஓடுபாதை ஆயிரத்தைந்நூறு மீட்டர். சக்கர விசிறி கொண்ட நடுத்தர விமானங்கள் மட்டும் இறங்கலாம். ஒரு கம்பெனி ஹைதராபாத்துக்கு ஓட்டியது; 2024இன் தொடக்கத்தில் நிறுத்தியது; அவ்வாண்டு டிசம்பரில் வேறொரு கம்பெனி பெங்களூருக்கும் ஹைதராபாத்துக்கும் ஓட்டத் தொடங்கியது. பாதையை நீட்ட வேண்டுமாயின் பக்கத்திலுள்ள தமிழ்நாட்டு நிலம் வேண்டும். ஒரே மொழி பேசும் இரண்டு சர்க்கார்கள், அடுத்தடுத்த வயல்களைப் பற்றிப் பல்லாண்டுகளாய்க் கடிதம் எழுதிக்கொண்டிருக்கின்றன.

இவற்றுக்கிடையே சென்னைக்கு இரண்டாவது விமான நிலையம் என்ற பெருந்திட்டம் 2022 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்டது. காஞ்சிபுரத்தையடுத்த பரந்தூரில் ஐயாயிரம் ஏக்கருக்கு மேல் நிலம். பதின்மூன்று கிராமங்கள் பாதிக்கப்படும். ஏகனாபுரம் மக்கள் ஏரியையும் வயலையும் விட மறுத்து, நாள் தவறாமல் ஊர் கூடிக் கிளர்ச்சி நடத்தினர். சென்னை நிலையத்தில் கூட்டம் பெருகிவிட்டது என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் தென் ஜில்லாக்களின் நன்மைக்காகவும் இது என்று சில கனவான்கள் மேடைகளில் பேசுவதால் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது. பரங்கிப்பேட்டைக்குப் பரந்தூர் எவ்வளவு தூரம்? நேர்க்கோட்டில் மீனம்பாக்கத்தை விடப் பெரிதாய் அருகில் இல்லை. தெற்கேயிருந்து வரும் ரயில் மார்க்கம் அதன் வழியே செல்வதும் இல்லை. பதின்மூன்று கிராமங்களை எடுத்தும் வெள்ளாற்றங்கரையானுக்கு ஒரு மணி நேரங்கூடக் குறையாதாயின், அவன் பெயரைச் சொல்லி அந்நிலங்களைக் கேட்பது நியாயமன்று.

அப்படியானால் வழி என்ன? பெருஞ்செலவு வேண்டாத வழி கண்ணெதிரே கிடக்கிறது. பரங்கிப்பேட்டைக்கு ரயிலடி உண்டு. விழுப்புரத்திலிருந்து கடலூர், சிதம்பரம் வழியாக மாயூரம் போகும் பழைய பெரும்பாதை அது. 2010இல் அகலப்பாதையாயிற்று, பின்னர் மின்சாரமும் வந்தது. ஆயினும் அது ஒற்றைப் பாதை. எதிரே ஒரு வண்டி வந்தால் இவ்வண்டி எங்கேனும் ஒதுங்கி நிற்க வேண்டும். விரைவு வண்டிகளில் மிகப் பல பரங்கிப்பேட்டையைப் பொருட்படுத்தாமலே ஓடுகின்றன. சிதம்பரம் போய்த்தான் ஏற வேண்டும். சிதம்பரத்திலிருந்து எழும்பூர் சுமார் 240 கிலோமீட்டர்.

இனிக் கூறுவதே முக்கியமானது. தெற்கிலிருந்து எழும்பூருக்குப் போகும் வண்டி ஒவ்வொன்றும் திரிசூலம் நிலையத்தின் வழியே போகிறது. திரிசூலம் ரயிலடிக்கும் மீனம்பாக்கம் விமான நிலையத்துக்கும் நடுவே இருப்பது ஒரே ஒரு சாலை. உலகத்தில் பல பெரு நகரங்கள் கோடிக்கணக்கில் செலவிட்டு விமான நிலையத்துக்கு ரயிலைக் கொண்டுபோகின்றன; நமக்கோ அது தானே வாய்த்திருக்கிறது. ஆனால் தென் திசை விரைவு வண்டிகள் அங்கே நிற்பதில்லை! துபாய்க்குப் போகிறவன் தாம்பரத்தில் இறங்கி, மூட்டைகளைத் தலையில் சுமந்து மேம்பாலம் ஏறி, மறு மேடையில் உள்ளூர் மின்வண்டிக்குக் காத்து, வேலைக்குப் போகும் ஜனக் கூட்டத்தில் நெருக்குண்டு, நான்காவது நிலையத்தில் இறங்க வேண்டும். சிறு குழந்தையோடும் முதியவரோடும் போகிறவர்களுக்கு அது ஆகிற காரியமா? ஆகவே ஐயாயிரம், ஆறாயிரம் ரூபாய் கொடுத்து வாடகைக் காரில் போகிறார்கள். தெருவில் ஐந்து மணி நேரம் கழிக்கிறார்கள்.

இரண்டு நிமிஷ நிறுத்தத்தால் வண்டிகள் தாமதமாகும், நெருக்கமான அப்பாதையில் அதற்கு இடமில்லை, நடைமேடை நீளம் போதாது என்று ரயில்வே அதிகாரிகள் சமாதானம் கூறக்கூடும். மேடை போதாதென்றால் கட்டிக்கொடுப்பதே ரயில்வேயின் உத்தியோகம். ஐயாயிரம் ஏக்கர் எடுத்து நிலையம் கட்டத் துணிந்த சர்க்காருக்கு அரை ஃபர்லாங் மேடை கட்டுவது பெரிய காரியமன்று. இரண்டு நிமிஷத்தைப் பற்றியோ, சிதம்பரத்துக்கும் விழுப்புரத்துக்கும் இடையே எதிர்வண்டிக்காக ஒதுங்கி நிற்கும்போது கழியும் நிமிஷங்களை அவ்வதிகாரிகள் முதலில் எண்ணட்டும். இரட்டைப் பாதை போட்டால் திரிசூலத்தில் நிற்கும் காலத்தைப் போலப் பன்மடங்கு மிச்சமாகும். இரட்டைப் பாதைக்கு நாளாகும் என்பதை ஒப்புக்கொள்கிறோம். நிறுத்தத்துக்கு நாளாக வேண்டியதில்லை. ஒரு கையெழுத்துப் போதும்.

பரங்கிப்பேட்டையான் விடியற்காலையில் ஊரிலேயே வண்டி ஏறி, திரிசூலத்தில் இறங்கிச் சாலையைக் கடந்தால், செலவு சில நூறு ரூபாய், அலைச்சல் இல்லை. திருச்சிக்கு வளைகுடா விமானங்கள் பெருகினால் அவ்வழியும் அவனுக்குத் திறக்கும். நெய்வேலி, புதுச்சேரி, பரந்தூர் என்று மாற்றி மாற்றிப் பேசுவதில் எட்டாண்டுகள் சென்றுவிட்டன. இதற்கிடையே மாலைத் தொழுகைக்குப் பிறகு மகன் வந்து சேர்ந்த வீடுகளின் எண்ணிக்கையை எந்த இலாகாவும் எழுதிவைக்கவில்லை.

கடலூர், சிதம்பரம் தொகுதிகளின் பாராளுமன்ற அங்கத்தினர் இருவரும் கட்சி வேற்றுமை பாராட்டாமல் மூன்று கேள்விகளைச் சபையில் எழுப்ப வேண்டுகிறோம். தெற்கு வண்டிகளுக்குத் திரிசூலத்தில் நிறுத்தம் கொடுக்கத் தடை யாது? விழுப்புரம்–மாயூரம் இரட்டைப் பாதைக்குப் பணம் ஒதுக்குவது எந்த ஆண்டில்? அடுத்த முறை வளைகுடா சர்க்கார்களோடு ஆசன ஒப்பந்தம் பேசும்போது திருச்சியின் பெயர் பட்டியலில் இருக்குமா, இராதா? எழுத்து மூலமான பதில் வந்தவுடன் அதை இப்பத்தியிலேயே வெளியிடுவோம்.